தகப்பனார் தொழில்: வியாபாரம்



சென்ற மாதம் என் மகள் வீட்டில் இரண்டு நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. காரணம் இதுதான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேரன், காட்கோபரில் ஒரு மாலில் உள்ள காப்பிக் கடையில் மாலை நேர வேலைக்குச் சேர்ந்துவிட்டான். காப்பி போட்டுக் கொடுப்பது, மேசை துடைப்பது, குடித்துவிட்டு வைத்த கப்புகளை எடுப்பது, இரவு கடை அடைக்கும்போது தரையைத் துடைப்பது, இதுதான் வேலை. வீட்டில் ஒருவரிடமும் கேட்கவில்லை. முதல் நாள் வேலை முடிந்து கருப்பு டீ-ஷர்ட்டும் ஏப்ரனுமாக வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

மகள் அழுதுவிட்டாள். "நம்ம ஆளுங்க யாராவது அந்தக் கடைக்கு வந்தா என்னப்பா நினைப்பாங்க? எச்சில் கப் எடுக்கவா இவனைப் படிக்க வச்சோம்?" என்றாள். மாப்பிள்ளை கொஞ்சம் சமாதானப் பிரியர். "யாராவது கேட்டா கால் சென்டர்னு சொல்லிடலாம் மாமா" என்று வழி சொன்னார். ரயில்வேயில் 38 வருடம் வேலை பார்த்தவன், நாலு பேரை வேலை வாங்கியவன் என்பதால் தீர்ப்பு சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். கன்னம்வார் நகரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே இரண்டே கட்டடம்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேரன் கேட்டான்: "தாத்தா, உங்க அப்பா என்ன வேலை பார்த்தாங்க?"

"மாட்டுங்காவில் வியாபாரம்" என்றேன். ஐம்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. என் தகப்பனார் ஒரு நாளும் வியாபாரம் செய்ததில்லை. மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தார். இதை என் சொந்த மகளிடமே நான் சொன்னதில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டதால் சொல்லாமல் இருப்பதும் எளிதாக இருந்தது. அன்று சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

அப்பாவின் டூட்டி

1946-ல், பதின்மூன்று வயதில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு உறவினரோடு பம்பாய்க்கு ரயிலேறியவர் அப்பா. முதலில் மேசை துடைக்கும் பையன். பிறகு பாத்திரம் கழுவும் இடம். மீசை முளைத்த பிறகு சப்ளையர். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்தரைக்குத்தான் கட்டை சாயும். மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தபின் ஒன்றரை மணி நேரம் இடைவேளை. காலையில் யார் யாரோ உட்கார்ந்து சாப்பிட்ட அதே பெஞ்சில்தான் அப்போது தூக்கம்.

அவர் வேலையை நான் பார்த்திருக்கிறேன். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு, வலது கையில் இரண்டு டம்ளருடன், கூட்டத்துக்கு நடுவே ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தாமல் வருவார். ஆறு மேசையில் பதினெட்டுப் பேர் சொன்னது தலைக்குள் இருக்கும். கையில் காகிதம் கிடையாது. எழுந்து போகிறவரின் கணக்கைக் கூட்டி, கல்லாவில் இருப்பவருக்குக் கேட்கும்படி தொகையைச் சத்தமாகச் சொல்வார். நான் டிப்ளமோ படித்தவன், ஸ்லைடு ரூல் பிடித்தவன். அந்த வேகத்தில் இன்றுவரை கூட்டியதில்லை.

என் டிப்ளமோவுக்கான ட்ராயிங் போர்டும் டி-ஸ்கொயரும் அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒரு பழைய பவுடர் டின்னில் டிப்ஸ் காசு சேர்த்து வைத்திருந்தார். பத்துப் பைசா, இருபத்தைந்து பைசா. கடைக்காரர் எண்ணி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

அந்தப் படிப்பில் சேர விண்ணப்பம் எழுதியபோது 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுதுறது உன் இஷ்டம்டே. ஆனா நான் வியாபாரம் ஒண்ணும் பண்ணலியே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுத்தபோதும் அதையேதான் எழுதினேன்.

1983-ல், ஐம்பது வயதில் அப்பா காலமானார். காலில் நரம்புகள் புடைத்து, ஆறாத புண்ணோடு கடைசி வரை நின்றுகொண்டே வேலை பார்த்தார். 37 வருட உழைப்புக்கு சேமநிதி என்றோ பணிக்கொடை என்றோ ஒரு காகிதம்கூட வீட்டுக்கு வரவில்லை. அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை. மகன் விண்ணப்பத்தில் மறைத்தான். வேலை கொடுத்தவர் பதிவேட்டில் மறைத்தார். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காரியம்தான்.

நம்மைப் பம்பாயில் நிறுத்திய தொழில்

நம்மில் எத்தனை குடும்பம் இந்தத் தொழிலால் இந்த ஊரில் கால் ஊன்றியது என்று எண்ணிப் பாருங்கள். மாட்டுங்காவில் மணீஸ் லஞ்ச் ஹோம் 1937-ல் தொடங்கியது. கஃபே மெட்ராஸ் 1940-ல். ஸ்டேஷனுக்கு எதிரே ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல். ஆபீஸ் வேலைக்கு வந்த தென்னிந்தியப் பிரம்மச்சாரிகளுக்கு இந்த ஹோட்டல்களும் மெஸ்களும்தான் வீடு. முதலாளி பாலக்காட்டுக்காரராகவோ உடுப்பிக்காரராகவோ இருப்பார். கல்லுக்கு முன்னால் தோசை வார்த்தவர்களும் மேசைக்கு மேசை ஓடியவர்களும் தென்னாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள்.

தாராவியின் கதையும் நமக்குத் தெரியும். விடிவதற்கு வெகு முன்பே அங்கே அடுப்பு எரியும். அவித்த இட்லியும் வடையும் சட்னிப் பாத்திரமும் சைக்கிளில் ஏறி நகரம் முழுவதும் கிளம்பும். பாம்... பாம்... என்று ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு வரும் இட்லிக்காரரின் சத்தம்தான் பல சாலுக்கும் சொசைட்டிக்கும் காலை அலாரம். மராத்திக்காரரும் குஜராத்திக்காரரும் இட்லிக்குப் பழகியதில் அந்தச் சைக்கிள்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'அண்ணா'தான்.

தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்திலிருந்து 1990-ல் பதினேழு வயதில் வந்த பிரேம் கணபதியின் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டி வந்தவர் ஏமாற்றிவிட்டுப் போக, மாஹிமில் ஒரு பேக்கரியில் மாதம் 150 ரூபாய்க்குப் பாத்திரம் கழுவினார். 1992-ல் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கத் தொடங்கினார். பிறகு 'தோசா பிளாசா' பெயரில் பல ஊர்களில் கடைகள் வந்தன. பாராட்ட வேண்டிய உழைப்பு, சந்தேகமில்லை.

ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விழா மேடைகளில் முதலாளி ஆனவர்களின் கதையை மட்டுமே சொல்கிறோம். பாத்திரம் கழுவியவர் கடை திறந்தால் அந்தப் பாத்திரத்துக்கும் மரியாதை வருகிறது. கடைசி வரை கழுவிக்கொண்டே இருந்தவருக்கு? நூறு பேர் வேலை செய்தால் கடை வைப்பவர் ஒருவர். மீதி 99 பேரும் சப்ளையராகவே வாழ்ந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, சப்ளையராகவே போனவர்கள். தொழிலுக்கு மரியாதை என்றால் அந்த 99 பேருக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போன பிள்ளை பல்கலைக்கழக கேன்டீனில் தட்டுக் கழுவினால், "சொந்தக் காலில் நிற்கிறான்" என்று நாமே ஊரெல்லாம் சொல்கிறோம். அதே பிள்ளை காட்கோபரில் கப் எடுத்தால் கால் சென்டர் என்று பொய் சொல்கிறோம். டாலரில் சம்பளம் வந்தால் எச்சில் எச்சில் இல்லையா? உண்மையைச் சொன்னால், 'எச்சில்' என்ற அருவருப்பு சுத்தம் பற்றியது மட்டும் அல்ல. இன்னார் சாப்பிட்ட இலையை இன்னார்தான் எடுக்க வேண்டும் என்று சாதி போட்ட கணக்கு அது. ஊரை விட்டு ஆயிரம் மைல் வந்த பிறகும் அந்தக் கணக்கை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

ரயில்வே கற்றுக்கொடுத்தது

இதனால் ஹோட்டல் வேலை சொர்க்கம் என்று நான் எழுதுவதாக நினைக்க வேண்டாம். அப்பாவின் காலைப் பார்த்தவன் அப்படி எழுத முடியாது. வேலை இழிவல்ல, வேலை வாங்கும் முறைதான் பல இடங்களில் இழிவு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் கழிந்தது. அப்பா வேலை பார்த்த ஹோட்டலுக்கும் அதற்கும் நடந்தே போகலாம். ஆனால் இரண்டும் இரண்டு உலகம். மெயில், எக்ஸ்பிரஸ் பெட்டிகள் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்புக்கு எங்களிடம் வரும். கழற்றி, சோதித்து, தேய்ந்ததை மாற்றித்தான் அனுப்புவோம். இரும்புக்கே அந்தக் கவனிப்பு. மனிதருக்கும் அங்கே கணக்கு உண்டு. 1989 ரயில்வே சட்டத்தின் 132-ஆம் பிரிவைப் பாருங்கள். கடினமான, இடைவிடாத கவனம் வேண்டும் வேலைக்கு இரு வார சராசரியில் வாரம் 45 மணி, தொடர் வேலைக்கு 54 மணி, விட்டுவிட்டு வரும் வேலைக்கு 75 மணி என்று உச்ச வரம்பு உண்டு. முதல் இரண்டு வகையினருக்கும் வாரத்தில் தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு வேண்டும் என்று அடுத்த பிரிவு சொல்கிறது. வேலையை இப்படித் தரம் பிரித்ததுதான் முக்கியம். எட்டு மணி நேரமும் ஒரே பளு அல்ல என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

மத்தியானம் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை நிரம்பி வழியும் ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலை இதில் எந்த வகை? ஸ்டேஷன் மாஸ்டருக்கு அளந்து கொடுத்த மூச்சை, சாம்பார் வாளியோடு ஓடுகிறவருக்கும் அளந்து கொடுக்க வேண்டாமா?

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். ஹோட்டல் தொழிலாளருக்கென்றே தனிச் சட்டம் வேண்டும் என்று சென்னை மாநிலம் 1958-லேயே உணவு நிறுவனங்கள் சட்டம் இயற்றியது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதிலிருந்தே நிலைமையை நீங்கள் ஊகிக்கலாம்.

தொழிலாளிகளே முதலாளிகள் ஆன உதாரணமும் உண்டு. இந்தியா காபி ஹவுஸின் முதல் கடை 1936-ல் நம் சர்ச்கேட்டில்தான் திறந்தது. 1950-களில் காபி போர்டு இந்தக் கடைகளை மூடத் தொடங்கி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் சப்ளையர்களும் சமையல்காரர்களும் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தார்கள். 1957-ல் பெங்களூரிலும் டெல்லியிலும் தொடங்கி, கேரளம், புதுச்சேரி என்று பரவியது. தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவருகிறாரே, அவரும் அந்தச் சங்கத்தின் பங்குதாரர். அவரைக் கை சொடுக்கிக் கூப்பிட எனக்குத் தோன்றியதில்லை.

பிள்ளைகள் என்ன கேட்க வேண்டும்?

மீண்டும் என் பேரனிடம் வருகிறேன். அன்று நான் சொன்ன தீர்ப்பு அவன் அம்மாவுக்கும் பிடிக்கவில்லை, முதலில் அவனுக்கும் பிடிக்கவில்லை. "வேலைக்குப் போ. ஆனால் போய் நியமனக் கடிதம் வாங்கிக்கொண்டு வா" என்றேன். "தாத்தா, அங்க யாரும் அதெல்லாம் கேக்கறதில்ல" என்றான். யாரும் கேட்காததால்தான் உன் கொள்ளுத் தாத்தாவுக்கு ஒரு காகிதமும் இல்லை என்றேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று காப்பிக் கடையிலும், பீட்ஸா கடையிலும், ஸ்டார் ஹோட்டல் பரிமாறும் பிரிவிலும் சேர்கிறார்கள். சேரும் நாளிலேயே இவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலாவது, நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. வேலைக்குச் சேர்பவருக்கு எழுத்துமூலமாக நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அவற்றில் உள்ள முக்கியமான அம்சம்.

இரண்டாவது, இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஹோட்டலுக்கு இது பொருந்தும். 2017 முதல் சம்பள வரம்பு 21,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். கொதிக்கும் எண்ணெய்க்கும் வழுக்கும் தரைக்கும் நடுவே நிற்பவனுக்கு இந்த அட்டை இல்லாமல் இருக்கக் கூடாது. பெரிய கடை என்றால் சேமநிதி எண்ணையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம், வாரம் ஒரு நாள் விடுமுறை. 'பிரேக் ஷிஃப்ட்' என்று காலையில் நாலு மணி, இரவில் ஐந்து மணி என வெட்டிக் கொடுத்தால், நடுவில் வீட்டுக்கு வந்துபோக முடியாத நேரமும் பிள்ளையின் நேரம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது நமக்கு, அதாவது சாப்பிடப் போகிறவர்களுக்கு. பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி வகுத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. கட்ட மறுப்பது நம் உரிமை. மறுத்துவிட்டு, மிச்சமான பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாமல், பரிமாறியவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். பவுடர் டின்களில் இன்னும் ட்ராயிங் போர்டுகள் சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

சின்னப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஹோட்டல், டீக்கடைகளில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016-ல் வந்த திருத்தம், குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எல்லாத் தொழிலுக்கும் தடையை விரித்தது. என் அப்பா பதின்மூன்று வயதில் மேசை துடைத்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, இன்று ஒரு பதின்மூன்று வயதுப் பையன் நம் மேசையைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவர் இழந்த பள்ளிக்கூடத்தின் விலை எனக்குத் தெரியும். தன் மகன் எழுதியதைத் தானே படிக்க முடியாமல் போனது அதனால்தான்.

நம் பந்தியிலிருந்து தொடங்குவோம்

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் கான்ட்ராக்டரிடம் சாப்பாடு சொல்கிறோம். நானூறு, ஐந்நூறு இலை விழுகிறது. பரிமாறும் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு வந்தவர்கள். நம் மூன்று பந்தியும் முடிந்து, இலை எடுத்து, மேசை மடக்கி, பாத்திரம் ஏற்றிய பிறகு, நாலு மணிக்கு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார்கள். இத்தனை வருடமாக நானும் வெற்றிலை போட்டுக்கொண்டு அதைப் பார்த்தவன்தான்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. அடுத்த விழாவில் பரிமாறுகிறவர்களுக்கும் பந்தியில் இலை போட வேண்டும், பிற்பகல் இரண்டு மணிக்குள். அந்தப் பந்திக்கு நாம் பரிமாற வேண்டும். கான்ட்ராக்ட் பேசும்போது, ஆட்களுக்கு என்ன கூலி, சிறுவர்கள் யாரும் இல்லையே என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். இலைக்குப் பத்து ரூபாய் கூடினால் கூடட்டும்.

பேரனுக்கு மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இவன் கேட்டதைப் பார்த்து அந்தக் கடையில் இன்னும் நாலு பிள்ளைகள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் இரவு கடை அடைத்து, 2025 ஜூனில் திறந்த விக்ரோலி மேம்பாலம் வழியாக அவன் வீடு சேரும்போது பதினொன்றரை ஆகிறது. மகள் இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை. ஆனால் ஒரு வாளியில் வெந்நீர் வைத்துவிட்டுத்தான் காத்திருக்கிறாள். என் அம்மா அப்பாவுக்கு வைத்ததும் அப்படித்தான் என்று அவளிடம் சொன்னேன்.

சங்கத்தின் குடும்பக் கையேட்டுக்கு விவரம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'ஹோட்டல் சப்ளையர், மாட்டுங்கா, 1946 முதல் 1983 வரை' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அச்சில் சுருக்கிவிட வேண்டாம் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

விழா அன்று அந்தப் பந்தியில் பரிமாறவும் இலை எடுக்கவும் என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கூட நாலு பேர் வந்தால் போதும்.